பிடிக்காவிட்டால் போக வேண்டியதுதானே? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நெடுநாளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

எங்கள் நண்பர் வட்டத்தில் ஐந்தாறு பேர். வாரம் ஒருமுறையாவது கூடுவோம். கூடினால் ஒரே பேச்சுதான்: இந்த நாடு உருப்படாது. வரி கட்டி என்ன பயன், நேர்மையாக இருப்பவனுக்கு இங்கே இடமில்லை, பிள்ளைகளுக்கு இங்கே எதிர்காலம் இல்லை என்று நள்ளிரவு வரை நீளும். எல்லோரும் படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள். நினைத்திருந்தால் போயிருக்கலாம். ஒருவர்கூடப் போகவில்லை. எங்களில் மிகக் கடுமையாகப் பேசும் நண்பருக்கு வெளிநாட்டில் வேலை உறுதியாகி, விசாவும் வந்தது. அதைப் பயன்படுத்தாமலே காலாவதியாக விட்டுவிட்டார். அடுத்த வாரம் வழக்கம்போல வந்து உட்கார்ந்து நாட்டைத் திட்டினார்.

எனக்கு எரிச்சலாக இருக்கிறது. இது கோழைத்தனமா, சோம்பலா, வெறும் வேஷமா? பிடிக்காவிட்டால் போக வேண்டியதுதானே? போகவில்லை என்றால் பிடித்திருக்கிறது என்றுதானே பொருள்? பணம், மொழி, பெற்றோர் என்று காரணம் சொல்கிறார்கள். போகிறவர்களுக்கும் இவையெல்லாம் உண்டே?

எனக்கும் இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. வயது 34. போவதா, இருப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை. உங்கள் கருத்தை அறிய ஆவல்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

போவதா, இருப்பதா என்று கேட்கும் கடிதங்கள் எனக்கு அடிக்கடி வரும். பெரும்பாலும் பதில் போடுவதில்லை. எழுதுகிறவர் முடிவை எடுத்துவிட்டுத்தான் எழுதுகிறார். நான் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். உங்களுடையதையும் அப்படி ஒதுக்கியிருப்பேன். ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 'போகவில்லை என்றால் பிடித்திருக்கிறது என்றுதானே பொருள்?' இந்த வரி கொஞ்ச காலமாகவே என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. மேடையில், தொலைக்காட்சி விவாதத்தில், கல்யாண வீட்டில் என்று எங்கும் கேட்கிறேன். சொல்கிறவர் ஒவ்வொருவரும் அதைத் தானே அன்று காலையில் கண்டுபிடித்ததுபோலச் சொல்கிறார். அதற்கு இரண்டாயிரத்து நானூறு வயதாகிறது. அங்கே பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு சண்டை. கோழை என்று எழுதியிருக்கிறீர்களே, யாரை? வாரந்தோறும் உங்களோடு உட்கார்ந்து பேசும் மனிதரை. கடிதத்தை மறுபடியும் படித்துப் பார்த்தேன். வேலை உறுதியானது இருக்கிறது, விசா வந்தது இருக்கிறது, காலாவதியானது இருக்கிறது. அவர் சொன்ன காரணம் மட்டும் இல்லை. நீங்கள் கேட்கவே இல்லை, அப்படித்தானே? ஒரு மனிதர் கைக்கு வந்த இன்னொரு வாழ்க்கையை வேண்டாம் என்று வைத்திருக்கிறார். அது அவருடைய எத்தனை இரவுகளைத் தின்றதோ தெரியாது. நண்பர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் ஒருவர்கூட 'என்னப்பா ஆச்சு?' என்று கேட்கவில்லை. அவரிடம் கேட்க வேண்டியதை எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். தம்பி, இதில் எரிச்சல் எனக்குத்தான் வர வேண்டும். இன்னொன்று, ஐந்தாறு பேர் என்றீர்கள். அதில் நீங்களும் ஒருவர். நீங்களும் 34 வயதுவரை அங்கேதான் உட்கார்ந்திருந்தீர்கள்.

சரி, உங்கள் பட்டியலைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். பணம்: மிக ஏழையாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியேறுகிறார்கள் என்று பொதுவாக நினைக்கிறோம். ஆய்வுகள் காட்டுவது வேறு. ஏழை நாட்டின் வருமானம் கொஞ்சம் உயரும்போது வெளியேறுவோர் எண்ணிக்கை கூடத்தான் செய்கிறது. நடுத்தர நிலையைத் தாண்டிய பிறகே இறங்குகிறது. கையில் ஒன்றுமே இல்லாதவருக்குப் பயணச் சீட்டுக்கே வழியில்லை. எனவே பணம் காரணம்தான், ஆனால் உங்கள் நண்பர்களுக்கு அல்ல. மொழி: கற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. பெற்றோர்: நீங்கள் அதைச் சாக்கு என்று நினைப்பது கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. சாக்காகவே இருக்கட்டும். உங்களுக்கு எண்பது வயதாகும்போது உங்கள் பிள்ளைக்கும் அப்படி ஒரு சாக்கு கிடைத்தால் நீங்கள் வருத்தப்படமாட்டீர்கள்.

உண்மையில் உங்கள் கேள்வியே தலைகீழாக இருக்கிறது. போவதுதான் இயல்பு, போகாததற்குத்தான் விளக்கம் வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். ஐக்கிய நாடுகள் அவையின் கணக்குப்படி 2024இல் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்ந்தவர்கள் 30.4 கோடிப் பேர். கேட்க மலைப்பாக இருக்கும். உலக மக்கள்தொகையில் அது 3.7 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் பிறந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். தொண்ணூற்றாறு பேருமா திருப்தியாக இருக்கிறார்கள்? கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 2021இல் உலகெங்கும் கேட்டபோது, முடிந்தால் நிரந்தரமாக வேறு நாட்டுக்குப் போக விருப்பம் என்றவர்கள் 16 சதவீதம். அதே நிறுவனம் 2010 முதல் 2015 வரை எடுத்த கணக்கெடுப்புகளைச் சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு அலசியது. அடுத்த ஒரு வருடத்துக்குள் போகத் திட்டம் இருக்கிறது என்றவர்கள் பெரியவர்களில் 1.3 சதவீதம் மட்டுமே. அதற்கான ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தவர்கள் இன்னும் குறைவு, உலகம் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 2.3 கோடி. ஆசைப்படுகிறவருக்கும் பெட்டி கட்டுகிறவருக்கும் நடுவே அவ்வளவு தூரம். உங்கள் நண்பர் வட்டம் விசித்திரமானது ஒன்றும் இல்லை. மனிதர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குடிபெயர்வைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி போனவர்களைப் பற்றியது. போனவரிடம் ஏன் போனாய் என்று எல்லோரும் கேட்கிறோம். எல்லைக் காவலர் கேட்கிறார், ஆய்வாளர் கேட்கிறார், பேரப்பிள்ளை கேட்கிறது. இருந்தவரிடம் ஏன் இருந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஆய்வாளர்களே இதைத் தங்கள் துறையின் குறையாகச் சொல்லத் தொடங்கியது சமீபத்தில்தான்.

விசா கிடைக்காததால்தான் இருக்கிறார்கள் என்று ஒருவர் சொல்லக்கூடும். பாதி சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் சுமார் 45 கோடிப் பேர். எந்த உறுப்பு நாட்டிலும் போய் வேலை செய்யலாம், விசா வேண்டாம். பல்கேரியாவின் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல லக்சம்பர்க்கின் ஊதியம் 2024 தொடக்கத்தில் ஐந்து மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் வேறொரு உறுப்பு நாட்டில் வாழும் ஒன்றியக் குடிமக்கள் ஏறக்குறைய 1.4 கோடி, சுமார் மூன்று சதவீதம். கதவு திறந்திருக்கிறது, சம்பளம் ஐந்து மடங்கு, ஆட்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

என் மனதில் இருக்கும் உதாரணம் இதைவிடக் கூர்மையானது. 1949இல் சோவியத் பிடியில் கம்யூனிஸ்ட் நாடாகக் கிழக்கு ஜெர்மனி உருவானது. மற்ற எல்லைகளை அடைத்த பிறகும், கிழக்கு மேற்கு என்று பிரிந்து கிடந்த பெர்லின் நகரில் மட்டும் வழி இருந்தது. 1961 ஆகஸ்ட் 13இல் சுவர் எழும் வரை நகர ரயிலில் ஏறி மேற்குப் பகுதியில் இறங்கிவிடலாம். சோதனை உண்டு, பிடிபட்டால் தண்டனையும் உண்டு, ஆனாலும் அது நடக்கக்கூடியதாக இருந்தது. மறுபக்கத்தில் அதே மொழி. மேற்கு ஜெர்மனி அவர்களைத் தன் குடிமக்களாகவே கருதியது. வேலையும் கிடைத்தது. உங்கள் பட்டியலில் இருக்கும் தடைகளில் பாதி அங்கே இல்லவே இல்லை. அந்த ஆண்டுகளில் சுமார் 27 லட்சம் பேர் போனார்கள். அரசு பயந்து சுவர் கட்டும் அளவுக்கு அது பெரிய எண். ஆனால் மக்கள்தொகை 1.8 கோடி அளவில் இருந்தது. 1953 ஜூனில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தபோது சோவியத் டாங்கிகள் வந்து நசுக்கின. அதற்குப் பிறகும் எட்டு வருடம் அந்த ரயில் ஓடியது. மிகப் பெரும்பாலோர் அதில் ஏறவில்லை. அவர்களுக்கெல்லாம் அந்த அரசைப் பிடித்திருந்தது என்பீர்களா?

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். கி.மு. 399, ஏதென்ஸ். தத்துவஞானி சாக்ரடீஸுக்கு எழுபது வயது, மரண தண்டனைக் கைதி. அவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுபோக நண்பர் கிரிட்டோ எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு வந்து கெஞ்சுகிறார். சாக்ரடீஸ் மறுக்கிறார். அவருடைய சீடர் பிளேட்டோ எழுதியிருப்பதன்படி, ஏதென்ஸின் சட்டங்களே வந்து தன்னிடம் பேசுவதாக அவர் கற்பனை செய்கிறார். எங்களைப் பிடிக்கவில்லை என்றால் உடைமைகளை எடுத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாமே, எழுபது வருடம் இருந்தாயே, போர்களுக்கும் ஒரே ஒரு விழாவுக்கும் தவிர நீ நகரை விட்டே போனதில்லையே, அப்படியென்றால் எங்களை ஒத்துக்கொண்டாய் என்றுதானே பொருள் என்று அவை கேட்கின்றன. உங்கள் கேள்வியேதான். சாகப்போகிற ஒருவர் தன்னைப் பார்த்து இதைச் சொல்லிக்கொண்டார். அது அவருடைய பெருந்தன்மை. தன்னைக் கட்டிப்போட அவர் எடுத்த கயிற்றை அதற்குப் பிறகு வந்த அதிகாரம் ஒவ்வொன்றும் அடுத்தவரைக் கட்டிப்போட எடுத்துக்கொண்டது.

இதற்கு நல்ல பதில் ஒன்று 1748இல் வந்தது. ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் கேட்டார்: அயல்மொழி தெரியாத, அன்றன்றைய கூலியில் வாழும் ஓர் ஏழை உழவனைப் பார்த்து, நீ விருப்பப்பட்டுத்தான் இந்த நாட்டில் இருக்கிறாய் என்று சொல்ல முடியுமா? தூங்கும்போது கப்பலில் தூக்கிப் போடப்பட்டவன், கடலில் குதித்துச் சாகாமல் இருப்பதாலேயே கப்பல் தலைவனை ஏற்றுக்கொண்டான் என்று சொல்வது போன்றது அது என்றார். சின்னப் பையனாக இருக்கும்போது படித்திருந்தால் எத்தனை விவாதங்களில் ஜெயித்திருப்பேன்!

இருநூறு ஆண்டுகள் கழித்து, 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் நாடு உட்பட எந்த நாட்டையும் விட்டு வெளியேற உரிமை உண்டு என்றது, திரும்பி வரவும் உரிமை உண்டு என்றது. இன்னொரு நாட்டுக்குள் குடியேறும் உரிமை எந்தப் பிரிவிலும் இல்லை. வெளியேறலாம், உள்ளே விடுவது அவரவர் இஷ்டம். 'போக வேண்டியதுதானே' என்பவர்கள் இந்தப் பாதி உரிமையை முழு உரிமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். புள்ளி போட்டு ஆள் எடுக்கும் முறையைக் கனடா 1967இல் கொண்டுவந்தது. இன்று அங்கே வயதுக்கான புள்ளி முப்பதிலிருந்தே இறங்கத் தொடங்கி, நாற்பத்தைந்தில் பூஜ்யம் ஆகிறது. நாட்டைத் திட்டும் அளவுக்கு ஒருவருக்கு அனுபவம் சேரும்போது அவர் வேண்டாதவராகிவிடுகிறார்.

ஆனால் ஹியூமின் பதில் உங்கள் நண்பருக்குப் பொருந்தாது என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்ல வேண்டும். அவர் உழவன் இல்லை, கப்பல் துறைமுகத்தில் நின்றது, ஏணியும் போட்டாயிற்று. இறங்கவில்லை. அப்போது என்ன சொல்வது?

மறுபடியும் ஜெர்மனிக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1989 செப்டம்பர் 11இல் ஹங்கேரி தன் மேற்கு எல்லையைக் கிழக்கு ஜெர்மானியர்களுக்குத் திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் ஓடினார்கள். அதே மாதத்தில் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நிக்கோலாய் தேவாலயப் பிரார்த்தனை முடிந்து வெளியே வந்தவர்களில் ஒரு சாரார், எங்களை வெளியே விடு என்று கோஷம் போட்டார்கள். கொஞ்ச நாளில் இன்னொரு கோஷம் எழுந்தது: நாங்கள் இங்கேயே இருப்போம். அரசுக்கு வயிற்றைக் கலக்கியது இந்த இரண்டாவது கோஷம்தான். ஏன் தெரியுமா? எதிர்ப்பாளர்கள் போய்த் தொலைவது அந்த அரசுக்கு வசதியாகவே இருந்து வந்தது. அரசை விமர்சித்த பாடகர் வோல்ஃப் பியர்மானை 1976இல் மேற்கே கச்சேரிக்குப் போகவிட்டு, போன இடத்தில் இருக்கும்போதே குடியுரிமையைப் பறித்தார்கள். அரசியல் கைதிகளை மேற்கு ஜெர்மனியிடம் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தார்கள். இப்படி விலைக்குப் போனவர்கள் 1989 வரை முப்பத்து மூவாயிரத்துக்கும் மேல். சாதாரண மக்களைச் சுவர் கட்டி நிறுத்திய அதே அரசு, முணுமுணுப்பவர்களைக் காசுக்கு அனுப்பியது. அப்படிப்பட்ட அரசின் முகத்துக்கு நேரே நின்று போகமாட்டேன் என்பது எத்தனை பெரிய மிரட்டல்! அக்டோபர் 9 அன்று லைப்சிக் தெருக்களில் சுமார் 70,000 பேர். படைகள் தயாராக நின்றன, சுடவில்லை. ஒரு மாதத்தில் சுவர் திறந்தது.

ஓடிப்போனவர்களால்தான் அரசு ஆட்டம் கண்டது என்று வாதிடலாம். நியாயமான வாதம். விலகிப் போவதையும் இருந்து குரல் கொடுப்பதையும் பற்றி 1970இல் எழுதிய பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன், முதலாவது கூடினால் இரண்டாவது வலுவிழக்கும் என்று கருதியவர். 1989ஐப் பார்த்த பிறகு, இங்கே இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன என்று எழுதினார். அவர் பெர்லினில் பிறந்து 1933இல் நாட்டை விட்டு வெளியேறிய யூதர். போவதன் அருமை தெரிந்தவர். போனவர்களை நான் குறை சொல்லவில்லை, ம.

நான் சொல்லவருவது 'பிடிக்காவிட்டால் போ' என்பது யாருடைய வாக்கியம் என்பதைத்தான். பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்தபோது, 1970ஐ ஒட்டி, அரசின் பிரச்சார வாசகமே இதுதான்: பிரேசிலை நேசி, இல்லாவிட்டால் வெளியேறு. வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்களைப் பார்த்து அமெரிக்காவில் கார்களின் பின்னால் ஒட்டிவைத்ததும் ஏறத்தாழ இதே வாசகம். 2019 ஜூலையில் அமெரிக்க அதிபர் டிரம்ப் தன்னை விமர்சித்த பெண் நாடாளுமன்ற உறுப்பினர்களை வந்த இடத்துக்கே திரும்பிப் போகச் சொன்னார். அவர் குறிவைத்த நால்வரில் மூவர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். இரண்டு நாடு, அரை நூற்றாண்டு இடைவெளி, ஒரே வாக்கியம். வீட்டின் கூரை ஒழுகுகிறது என்று சொல்பவனைப் பார்த்து வாசலைக் காட்டுகிறவர் யாராக இருக்க முடியும்? வாடகைக்கு விட்டவர்தான். கூடக் குடியிருப்பவர் அப்படிப் பேசுவதில்லை. நீங்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கும் வட்டத்தில் வீட்டுக்காரரின் குரலில் பேசுகிறீர்கள், அதுதான் எனக்கு வலிக்கிறது.

உடனே உங்கள் நண்பர்களை லைப்சிக் தெருவில் கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்று எண்ண வேண்டாம். நள்ளிரவு அரட்டை புரட்சி ஆகாது. அதில் பாதி வெறும் ஆயாசம், கொஞ்சம் நடிப்பும் இருக்கும். ஆனால் அரட்டையிலும் ஓர் உரிமை இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அடுத்த மேசையில் ஒரு மூத்தவர் இருந்தார். காலையில் வந்ததும் செய்தித்தாளை விரிப்பார், திட்டத் தொடங்குவார். மந்திரி முதல் தெருவிளக்கு போடுகிறவர் வரை ஒருவர் தப்ப முடியாது. திட்டுவதோடு நிற்கமாட்டார், மனுவும் எழுதுவார். நல்ல கையெழுத்து. தண்ணீர் வரவில்லை என்பதற்கு ஒன்று, யாரோ ஒரு விதவையின் ஓய்வூதியக் கோப்பு நகரவில்லை என்பதற்கு ஒன்று. பெரும்பாலானவற்றுக்குப் பதில் வராது. வெளிநாட்டில் இருந்த அவருடைய தம்பி பல காலம் முயன்று அவருக்குக் குடியேற்ற அனுமதி வாங்கிக் கொடுத்தார். அலுவலகமே கொண்டாடியது. எங்களுக்குள் ஒரு நிம்மதி, இனிமேல் காலையில் அமைதியாக இருக்கும். அவர் போகவில்லை. நாங்களும் உங்களைப்போலத்தான் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். ஒருநாள் வேலை முடிந்து இருவரும் நடந்துபோகும்போது கேட்டேவிட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "அங்கே போய் யாரைத் திட்டறது?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இங்கே ஓர் அதிகாரியைத் திட்டினா என்னை முறைப்பான். சில சமயம் வேலையும் நடக்கும். அங்கே திட்டினா, உன் நாட்டுக்குப் போடாம்பான். அப்புறம் சாகிற வரைக்கும் நன்றி சொல்லிக்கிட்டே இருக்கணும். என்னால ஆகாது."

அப்போது இதை ஒரு கிழவரின் குறும்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது தோன்றுகிறது, நான் கேட்டவற்றில் மிக நேர்மையான விளக்கம் அதுதான். தம்பி வீட்டில் வசதி இருந்தது, மருத்துவம் இருந்தது, சுத்தமான தெரு இருந்தது. குறை சொல்லும் தகுதி மட்டும் இல்லை. அந்தத் தகுதி குடியுரிமைத் தாளோடு வந்துவிடுவதில்லை. தாள் கையில் இருந்தாலும், அங்கேயே பிறந்திருந்தாலும், திரும்பிப் போ என்று சொல்ல ஆள் இருக்கிறது என்பதைத்தான் சற்றுமுன் பார்த்தோம். அவர் விட்டுத்தர மறுத்தது சொந்தக்காரனாக நின்று சலித்துக்கொள்ளும் உரிமையை. அதை வைத்துக்கொண்டு அவர் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. அந்த விதவையின் கோப்பு நகர்ந்ததா என்பதுகூட எனக்கு நினைவில்லை. மறுநாள் காலையில் செய்தித்தாளை விரித்தார், அவ்வளவுதான்.

கவனித்துப் பாருங்கள், போகிறவர்கள் பெரும்பாலும் திட்டுவதில்லை. அமைதியாகப் படிவம் நிரப்புகிறார்கள். தேர்வுக்குப் படிக்கிறார்கள், சான்றிதழ்களை மொழிபெயர்க்கக் கொடுக்கிறார்கள். ஒருநாள் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டுச் சொல்கிறார்கள். திட்டுவதற்குச் செலவாகும் சக்தி அவர்களுக்குப் படிவத்தில் செலவாகிவிடுகிறது. நாள் முழுக்கத் திட்டுகிறவர் இன்னும் ஏதோ ஒன்றை எதிர்பார்க்கிறார். முற்றிலும் கைவிட்ட இடத்தைப் பற்றி யாரும் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருப்பதில்லை.

அப்புறம், திட்டும்போது நாம் நாட்டைத் திட்டுகிறோம். போகும்போது விட்டுப்போவது நாட்டை அல்லவே. அரசாங்கத்தையா யாராவது விட்டுப்போய்விட்டு அழுகிறார்கள்? குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவில் கதவைத் தட்டக்கூடிய பக்கத்து வீட்டை விட்டுப்போகிறோம். பதினைந்து வருடமாக இந்த வேலையில் இவர் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியிருக்கிறோமே, அதை விட்டுப்போகிறோம். ஒரு மருத்துவர் வேறு நாட்டுக்குப் போனால் பல இடங்களில் மறுபடியும் தேர்வெழுதி, மறுபடியும் பயிற்சி முடித்தால்தான் மருத்துவர். அதுவரை யாரோ ஒருவர். வேடிக்கையாகப் பேசினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்ற நம்பிக்கையை விட்டுப்போகிறோம், இது சின்ன விஷயம் என்று போகாதவர்கள்தான் சொல்வார்கள். குடிபெயர்வுக்கு ஆகும் செலவை லாரி ஷாஸ்டட் என்ற பொருளியலாளர் 1962இல் கணக்குப் போட்டபோது, பயணச் செலவு, இழந்த சம்பளம் இவற்றோடு பழகிய சூழலையும் மனிதர்களையும் பிரிவதன் மனச்செலவையும் ஒரு செலவாகவே எழுதினார். பொருளியலாளரே எழுதிவிட்டார், நாம் எழுதத் தயங்குகிறோம். இழப்பு லாபத்தைவிடப் பெரிதாகத் தெரியும் என்ற உளவியல் ஆய்வுகளையும் இங்கே கொண்டுவந்து வைக்கலாம். வைத்தால் எல்லாவற்றையும் விளக்கிவிட்டதுபோல ஒரு பாவனை வந்துவிடும். வேண்டாம்.

நீங்கள் கேட்டது வேறு, நான் எழுதிக்கொண்டிருப்பது வேறு என்று இந்நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள். சரி. போவதா, இருப்பதா? எனக்குத் தெரியாது. உங்கள் வேலை என்ன, யாரெல்லாம் உங்களை நம்பியிருக்கிறார்கள், எந்த நாடு என்று ஒன்றும் எழுதவில்லை. நாட்டின் பெயரைக்கூட எழுதாமல் 'ஒரு வாய்ப்பு' என்று மட்டும் எழுதியிருப்பதே, அந்த இடத்தின் மேல் உங்களுக்குப் பெரிய மோகம் இல்லை என்று காட்டுகிறது. அது தப்பில்லை. ஆனால் நண்பர்களிடம் 'பார், நான் சொன்னதைச் செய்கிறவன்' என்று நிரூபிப்பதற்காக மட்டும் போய்விடாதீர்கள். அந்த நிரூபணம் விமானம் ஏறிய அன்றே தீர்ந்துவிடும், குளிர்காலம் அதற்குப் பிறகும் இருக்கும்.

போவதாக முடிவெடுத்தால் அதை ஆயுள் முடிவாக நினைக்கத் தேவையில்லை. பல வளர்ந்த நாடுகளில் குடியேறுவோரில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை ஐந்து ஆண்டுக்குள் அந்த நாட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் என்று பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு (OECD) 2008இல் கணக்கிட்டது. சிலர் ஊருக்கு, சிலர் மூன்றாவது நாட்டுக்கு. திரும்பி வருபவரைத் தோற்றவர்போலப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதைக் கண்டுகொள்ளாதீர்கள். வேலை ஒப்பந்தம் எழுத்தில் வரும் வரை இங்கே ராஜினாமா கொடுக்காதீர்கள். விசா யார் பெயரில், வேலை போனால் எத்தனை நாள் அங்கே தங்கலாம் என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆர்வத்தில் பலர் கோட்டைவிடுவது அதில்தான்.

அங்கிருந்து கட்டாயம் எனக்கு எழுத வேண்டும். ஆனால் சாலை எவ்வளவு சுத்தம், ரயில் எவ்வளவு நேரத்துக்கு வருகிறது என்று எழுதினால் பதில் போடமாட்டேன். அந்த நாட்டில் உங்களுக்கு என்ன பிடிக்கவில்லை, அதை அங்கே யாரிடம் வாய்விட்டுச் சொன்னீர்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்